பேட்டரி சார்

எழுபது வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அதில் ஒரு பிள்ளையார் இருப்பார், ஒரு சங்கத் தலைவர் இருப்பார், ஒரு பேட்டரி சார் இருப்பார். முதல் இருவரிடம் கேட்டது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பேட்டரி சாரிடம் வாயைத் திறந்தால் அரை மணி நேரம் கட்டாயம் நடக்கும்.

காலை ஆறரைக்குக் கார் நிறுத்தும் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் அவரைப் பார்க்கலாம். கார் உறையை முன்பக்கம் மட்டும் சுருட்டி மேலே தள்ளியிருப்பார். முழுக்கக் கழற்றினால் மறுபடி மாட்டுவது வேலை. அதோடு, வண்டி எங்கேயும் போகப் போவதில்லை. பத்து வயதான சின்ன மாருதி. ஓடியது இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அதில் பாதி திருப்பதிக்கும் குலதெய்வம் கோயிலுக்கும். சாவியைத் திருகுவார், இன்ஜின் உறுமும், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஏ.சி. போட்டுப் பார்ப்பார், ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்ப்பார், வைப்பரை ஒரு தரம் ஆட்டிவிடுவார், ஹாரனை லேசாகத் தட்டுவார். ஏ பிளாக்கில் தூங்கிக்கொண்டிருக்கும் ஐ.டி. பையன்கள் எல்லாரும் அந்த ஹாரனில்தான் கண் விழிக்கிறார்கள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி, சட்டைப் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து இரண்டு முனைகளிலும் வைப்பார்.

"பன்னெண்டு புள்ளி ஒம்பது! பாத்தீங்களா?"

பார்ப்பதற்கு வாட்ச்மேனைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அவர் தலையாட்டுவார். இன்ஜினை அணைத்த கையோடு அளந்தால் எந்த பேட்டரியும் கொஞ்சம் தூக்கலாகத்தான் காட்டும். இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். அப்போது 12.6 காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே போனால் நாளைக் காலை ஆட்டோவுக்குச் சொல்லி வைத்துவிடலாம். சாருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு புள்ளி ஒன்பது தரும் திருப்தியை மூன்று மணி நேரம் கழித்து வரும் எண் தருவதில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஏறுவது 12.9 தான்.

இவர் பேட்டரி வாங்கிய கதையை நேரில் பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார். எக்சைடு, அமரான் என்று ஊரறிந்த பெயர்களின் விலையை எல்லாக் கடையிலும் கேட்டுக்கொண்டார், வாங்குவதற்கு அல்ல. வாங்கப் போவதில் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுவதற்கு. கடைசியில் அதுவரை யாரும் கேள்விப்படாத பெயர் ஒன்றில் கை வைத்தார். அதே 35 ஆம்பியர் அவர், விலை ஆயிரத்து இருநூறு ரூபாய் குறைவு. கடைக்காரர் யோக்கியர். "சார், இதையும் தூக்கிப் பாருங்க, அதையும் தூக்கிப் பாருங்க" என்றார். சார் தூக்கினார். மலிவு பேட்டரி கை நோகாமல் மேலே வந்தது. பேட்டரியில் எடை என்பது பெரும்பாலும் ஈயம். எடை குறைந்தால் உள்ளே தகடு குறைந்திருக்கிறது அல்லது மெலிந்திருக்கிறது. சார் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "லைட் வெயிட்டா இருக்கு. மைலேஜ் கூட வரும்."

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அன்றைக்கு அவர் ஒரு காரியம் சரியாகச் செய்தார். பேட்டரியின் தலையில் குத்தியிருந்த தயாரிப்புத் தேதியை ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்து, ஆறு மாதப் பழசை ஒதுக்கிவிட்டுப் போன மாதத்ததைக் கேட்டு வாங்கினார். கடை அலமாரியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பேட்டரி மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் முறுக்குப் பாக்கெட்டுக்குக் கூடத் தேதி பார்ப்போம், பேட்டரிக்குப் பார்ப்பதில்லை.

வாரன்ட்டி 18+18 என்று அட்டையில் போட்டிருந்தது. சார் கூட்டி 36 ஆக்கி, அட்டையை லாமினேட் செய்து, பூஜை அலமாரியில் மின் கட்டண அட்டைக்குக் கீழே வைத்தார். அந்தக் கூட்டல் குறியை நம்பி ஏமாந்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். முதல் 18 மாதத்துக்குள் போனால்தான் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 18-ல் போனால் புதுசின் விலையில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், அவ்வளவுதான். கழிப்பதும் எம்.ஆர்.பி.யிலிருந்து. எம்.ஆர்.பி. கொடுத்து இந்த ஊரில் எவர் பேட்டரி வாங்குகிறார்? பேரம் பேசினாலே கிடைக்கிற தள்ளுபடியை வாரன்ட்டி என்ற பெயரில் மறுபடி தருகிறார்கள்.

இனி பராமரிப்பு. இந்தத் துறையில் சாரை மிஞ்ச ஆளில்லை. பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து முதலில் மைனஸ் முனை, அப்புறம் பிளஸ் என்று கழற்றுவார். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும் என்று பதினைந்து வயதுப் பையனுக்கும் சொல்லிக் கொடுப்பார்; அது நூற்றுக்கு நூறு உண்மை. வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து முனைகளின் மேல் ஊற்றுவார். பொடி நுரைத்து, சீறிக்கொண்டு கரையும். பழைய டூத் பிரஷ் கொண்டு தேய்ப்பார், துடைப்பார், காய விடுவார், கடைசியில் வாஸலினைப் பூசுவார். செய்நேர்த்தி அப்படி. ஒரே ஒரு குறை, சோடா உப்பு அடுப்படியிலிருந்து போகிறது.

"என்னங்க, போண்டாவுக்கு வெச்சிருந்த சோடா எங்க?"

"கார்ல இருக்கு."

இதற்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கும் உரையாடலை இங்கே எழுதுவது நாகரிகமில்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் சாரின் சிக்கனம் அறிவை முந்துகிறது. ஆறு மூடி போட்ட பேட்டரி. மூடியைத் திறந்தால் தகடுகள் மூழ்கி மேலே ஒரு விரல்கடை நிற்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் ஒரு ஃபில்டர் காபி விலைக்குக் கிடைக்கும். சார் வாங்க மாட்டார். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி வைத்திருக்கிறார். "காத்துல இருக்கிற ஈரம் சார், மழைத்தண்ணி மாதிரி சுத்தம்" என்பார். காற்றின் ஈரம்தான். ஆனால் ஏ.சி.யின் சுருளில் படிந்த தூசியையும் உலோகத் துணுக்கையும் கழுவிக்கொண்டு வரும் ஈரம். ஏ பிளாக்கில் ஒருவர் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுகிறார். அதில் உப்பு குறைந்திருக்கிறதே தவிர ஒழியவில்லை. ஒழிந்திருந்தால் வாயில் வைக்க விளங்காது. இன்னும் ஒருவர், பேட்டரிக்குத் தெம்பு போதவில்லை என்று கடையில் ஆசிட் வாங்கி ஊற்றிவிட்டார். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. அந்த பேட்டரிக்கு மறுமாதம் காரியம் நடந்தது.

பேட்டரியின் மேல் சின்னக் கண்ணாடி வட்டம் ஒன்று இருக்கும். உள்ளே பச்சை தெரிந்தால் நலம். சார் டார்ச் அடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, "பச்சை" என்று அறிவிப்பார். அந்தக் கண் பார்ப்பது ஆறு செல்களில் ஒன்றை மட்டும். பக்கத்துச் செல் செத்துக் கிடந்தாலும் பச்சை பச்சைதான். சங்கக் கூட்டத்தில் பொருளாளர் காட்டும் கணக்கைக் கேள்வி மேல் கேள்வியாய்க் குடைகிற மனிதர், இந்தக் கண்ணை மட்டும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

சார் பேட்டரிக்குச் செய்யாத ஒரே பணிவிடை, வண்டியை ஓட்டுவது. நிற்கிற வண்டியிலும் கடிகாரம் ஓடும், ரிமோட் பூட்டு காது கொடுத்துக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டரின் நினைவு விழித்திருக்கும். இவையெல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் போய்விடும். 35 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரு மாதத்தில் துடைத்துப்போட்டதுபோல் ஆகிவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன திரும்பி வருகிறது? இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் தருவதே கொஞ்சம்; அதையும் ஏ.சி.யும் ஹெட்லைட்டும் பங்கு போட்டுவிடுகின்றன. பேட்டரி என்றைக்கும் நிறைவதில்லை. நிறையாத பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகுகிறது. இறுகியது எந்தச் சார்ஜுக்கும் முழுதாகக் கரையாது. வாரத்துக்கு ஒரு தரம் அரை மணி, முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டினால் போதும். எதிர் வீட்டுப் பள்ளிக்கூட டீச்சர் அதே கடையில் அதே மலிவு பேட்டரியை வாங்கினார். தினமும் தாம்பரம் வரை போய் வருகிறார், பானெட்டைத் திறந்ததே இல்லை. மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. சாருக்கு அந்த டீச்சரைக் கண்டாலே ஆகாது.

நடுவில் நியூஜெர்சிக்கு மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போனார் சார். மைனஸ் முனையைக் கழற்றி வைத்து, யாரையாவது மாதம் ஒரு முறை சார்ஜ் போடச் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கடிகாரத்தின் நேரம் அழிந்துவிடுமே என்று கழற்றவில்லை. வாட்ச்மேனிடம் சாவியையும் பதினோரு குறிப்புகள் எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். வாட்ச்மேன் தாளை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் சார் கேட்டார், "சொன்னபடி செஞ்சியாப்பா?"

"சார்ஜ் தீர்ற வரைக்கும் டெய்லி போட்டேன் சார். பாட்டு நல்லா வந்துச்சு. செல்லுக்கும் அதுலதான் சார்ஜ் போட்டுக்குவேன்."

"இன்ஜின ஸ்டார்ட் பண்ணியா?"

"எதுக்கு சார் பெட்ரோல வீணாக்கணும்?"

சாரால் அதற்குமேல் ஒன்றும் பேச முடியவில்லை. அது அவருடைய சொந்தக் கொள்கை. அன்று பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு எடுத்து வந்தார். கீழே வைக்கும்போது பலகை போட்டுத்தான் வைத்தார், சிமென்ட் தரை சார்ஜை உறிஞ்சிவிடுமாம். மரப்பெட்டியிலும் கெட்டி ரப்பரிலும் பேட்டரி செய்த காலத்தில் கசிவுக்குப் பயந்து சொன்னது அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை என்ன, தங்கத் தாம்பாளம் என்ன.

முடிவு மார்கழியில் வந்தது, விடியற்காலை ஐந்து மணிக்கு, பெருமாள் கோயிலுக்குக் கிளம்பும்போது. சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றவில்லை. டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும். "பனி" என்றார் சார். சென்னையில் மார்கழி என்றாலும் வெப்பநிலை இருபது டிகிரிக்கு அக்கம்பக்கம். அந்தக் குளிரில் எந்த பேட்டரியும் சாகாது. கொன்றது மே மாதம். அக்னி நட்சத்திரத்தில் சாயம் பூசக் கீழ்த்தளத்தைக் காலி செய்தபோது வண்டி இரண்டு வாரம் வெட்டவெளியில், வெயிலில் நின்றது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் கணக்கு. வெயில் உள்ளே அரித்து வைத்ததைக் குளிர் வெளியே காட்டிக் கொடுக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு நல்ல பேட்டரியே மூன்று, நான்கு வருஷம் வந்தால் அதிகம். மலிவு இரண்டைத் தாண்டினால் கையெடுத்துக் கும்பிடலாம்.

"அந்தக் காலத்து அம்பாசிடர்ல முன்னாடி கம்பிய விட்டுச் சுத்துவோம். பேட்டரி வீக்கா இருந்தாலும் கவலையில்ல" என்று சார் பெருமூச்சு விட்டார். இருக்கலாம். அந்தக் கம்பி எதிர்த்து அடித்து மணிக்கட்டு முறிந்தவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். 1912-இல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததற்கே அதுவும் ஒரு காரணம்.

மெக்கானிக் வந்து டெஸ்டரை வைத்தார். முள் சரிந்தது. "ரெண்டு செல் போயிடுச்சு சார்." பச்சைக் கண் அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. சார் வீட்டுக்கு ஓடி லாமினேட் செய்த அட்டையை எடுத்து வந்தார். இருபத்து மூன்றாவது மாதம். கடையில் கணக்குப் போட்டுக் கழித்துச் சொன்ன விலையும், பக்கத்துக் கடையில் பழசைக் கொடுத்துவிட்டுச் சும்மா வாங்கினால் வரும் விலையும் நூறு ரூபாய்தான் வித்தியாசம். நோட்டுப் புத்தகம், மல்டிமீட்டர், சோடா உப்பு, ஆட்டோ, மெக்கானிக் கூலி எல்லாம் கூட்டினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சார் அதைக் கூட்டவில்லை. பழைய பேட்டரிக்கு இன்னும் நூற்றைம்பது கூடப் போட்டுக்கொடுங்கள் என்று ஒரு மணி நேரம் நின்றார், வாங்கியும் விட்டார்.

இந்த முறை கடைக்காரர் தந்தது முற்றிலும் மூடிய ரகம். சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"மூடி எங்கப்பா?"

"கெடையாது சார். மெயின்டனன்ஸ் ஃப்ரீ."

"தண்ணி?"

"ஊத்தவே வேணாம்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"வண்டிய ஓட்டுங்க சார்."

"பெட்ரோல் விக்கிற வெலையிலயா?" என்றார் சார்.