துரைக்கு மூக்கில் வேர்க்கும்

நேற்று ராத்திரி லிஃப்டில் மூன்றாவது மாடி மாமி கேட்டார்: “ஏம்ப்பா, கொழந்தைக்கு ஒழுங்கா சாதமே போடறதில்லையா நீங்க? எலும்பும் தோலுமா நிக்கறதே!”

கொழந்தை என்றது எங்கள் பீகிள் நாயை. எலும்பும் தோலும் என்றது அதன் 17 கிலோவை. இந்த ஜாதி நாய் 10 கிலோவிலிருந்து 13 கிலோவுக்குள் இருந்தால் போதும் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் எடை மெஷினைப் பார்த்துச் சொல்கிறார், என்னைப் பார்த்துச் சொல்வதை நிறுத்திவிட்டார். மாமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பையைத் திறந்து, “ஒண்ணே ஒண்ணுதான்” என்று ஒரு பிஸ்கட்டை நீட்டினார். அது ஒன்றே ஒன்றுதான், வாஸ்தவம். வாட்ச்மேன் கொடுத்ததும் ஒன்றே ஒன்று. இஸ்திரிக்காரர் கொடுத்ததும் ஒன்றே ஒன்று. ட்யூஷன் போகிற பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றே ஒன்று. நீங்கள் அந்தப் பக்கம் வந்திருந்தால் நீங்களும் போட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

மாமிக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் துரையின் முகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். (இங்கிலாந்து ஜாதி, அதனால் துரை. பெயர் வைத்தவள் என் மனைவி.) சொத்தெல்லாம் தம்பிமார் பெயரில் எழுதி வைத்துவிட்டுக் கட்டிய வேட்டியோடு தெருவில் நிற்கும் மூத்த அண்ணன் முகம் அது. வயிறு நிறையச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, மிச்சத்தையும் நக்கிய பிறகும் அதே முகம்தான். இதை நம்பாதவர் எங்கள் அடுக்ககத்தில் நான் ஒருவன்தான். அதனால் கல்நெஞ்சக்காரன் என்று பெயர்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நான் துரையை வாக்கிங் அழைத்துப் போவதாகத் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. சரித்திரம் வேறு. பீகிள் முயல் வேட்டைக்கென்றே இங்கிலாந்தில் வளர்த்த ஜாதி. நரி வேட்டை நாய்களுக்குப் பின்னால் பிரபுக்கள் குதிரையில் போனார்கள். முயல் வேட்டைக்குக் குதிரை வேண்டியதில்லை. பீகிளுக்குப் பின்னால் மனிதன் நடந்தே போனான். நாய் மூக்கைத் தரையில் வைத்தபடி முன்னால் போகும், ஆசாமி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவான் என்பதுதான் மூல ஒப்பந்தம். துரை அதில் ஒரு ஷரத்தைக்கூட மாற்றவில்லை.

கேட்டைத் தாண்டியதும் முதல் நிறுத்தம் இஸ்திரி வண்டியின் முன் சக்கரம். அதை முகர்ந்து முடித்துப் பின் சக்கரம். அதற்குள் முன் சக்கரத்தில் ஏதாவது மாறியிருக்குமோ என்று மறுபடி முன் சக்கரம். மனிதன் மூக்கில் வாசனை அறியும் அணுக்கள் 50 லட்சம் சொச்சம் என்றும், பீகிளுக்கு 20 கோடிக்கு மேல் என்றும் சொல்கிறார்கள். போதாததற்கு, மோப்பம் பிடிக்கும்போது விடுகிற மூச்சு மூக்கின் பக்கவாட்டுக் கீறல் வழியாக வெளியேறிவிடும், எதிரே இருக்கும் வாசனை கலையாமல் இருக்க. இவ்வளவு ஏற்பாடும் செய்து இயற்கை சாதித்தது என்னவென்றால், இஸ்திரி வண்டிச் சக்கரத்தில் மத்தியானம் காலைத் தூக்கியது யார் என்பது எங்கள் துரைக்கு ஆறு மணிக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர். அதற்கடுத்து, காலையில் மீன்கார அம்மா கூடையை இறக்குகிற இடம். சாயங்காலம் அங்கே மீன் கிடையாது. மீன் இருந்தது என்ற தகவல் மட்டும் இருக்கும். அந்தத் தகவலைத் துரை கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார். பிறகு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், எச்சில் இலை போடும் சந்து. வீட்டில் கல்யாணத்துக்கு யாரும் இல்லாத நிலையில், இந்த வருஷத்து முகூர்த்த நாட்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த நாட்களில் நாங்கள் வேறு வழியாகப் போவோம். அதாவது, போக முயல்வோம். புதருக்குள் போனாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று பீகிளின் வால் நுனி வெள்ளையாக இருக்குமாம். எச்சில் தொட்டிக்குள்ளிருந்து அந்த வெள்ளை நுனி மட்டும் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். ரொம்ப நன்றாகத் தெரிகிறது.

இதெல்லாம்கூடப் போகட்டும். நாலு முனைச் சந்திப்புக்கு முன்னால் ஒரு வெறும் சிமெண்ட் தரை இருக்கிறது. அங்கே எதுவுமே இல்லை. துரை அதிக நேரம் நிற்பது அங்கேதான். போன வாரம் அப்படி நிற்கும்போது ஒரு பெரியவர், “என்ன தம்பி, ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். பால் வாங்கப் போன பையன் செல்ஃபோன் டார்ச்சை அடித்தான். “செயினா சார்?” என்றான். பூக்காரம்மா கூடையை நகர்த்தி வைத்து, “இந்தப் பக்கம் எதுவும் உருளலீங்களே” என்றார். நாய் வேறு மூக்கை எடுக்காமல் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்ததால் எல்லாருக்கும் நம்பிக்கை பிறந்துவிட்டது. இத்தனை பேரும் குனிந்த பிறகு ஒன்றும் தொலையவில்லை என்று எப்படிச் சொல்வது? “பத்து ரூபாய் காயின்” என்றேன். ஸ்டாண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் எழுந்து வந்து தன் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் காயினை எடுத்து என் கையில் வைத்து, “வச்சுக்கோங்க சார், வீட்டுக்குப் போங்க” என்றார். துரை அப்போதும் கிளம்பவில்லை.

ஊரிலிருந்து வரும் பெரியப்பா, “நம்ம சிப்பிப்பாறை வாங்கியிருக்கலாமேடா” என்கிறார். நியாயம்தான். சிப்பிப்பாறை கண்ணால் துரத்தும் ஜாதி. முயல் கண்ணுக்கு மறைந்துவிட்டால் அதற்குத் துரத்த எதுவும் இல்லை. துரைக்கு முயலே தேவையில்லை. முயல் நேற்று போயிருந்தால்கூடப் போதும்.

ஊரே கொஞ்சும் இதே பீகிள் ஜாதிக்கு அமெரிக்காவில் சர்க்கார் உத்தியோகம். 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் ஆரம்பித்தது. சட்டை மாட்டிக்கொண்டு பயணிகளின் பெட்டிகளை முகர்ந்து, பழமோ இறைச்சியோ இருந்தால் சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். பார்த்தால் யாருக்கும் பயம் வராது என்பதற்காகவும் பீகிளைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் மூன்றாவது மாடி மாமி மகன் வீட்டுக்குப் போனபோது, புடவை மடிப்புக்குள் வைத்திருந்த கறிவேப்பிலை அங்கே பறிபோனது இப்படி உட்கார்ந்த ஒன்றால்தான். அந்தக் கதையை மாமி இன்றும் கண்கலங்கச் சொல்வார். அதன் பங்காளிக்குத்தான் லிஃப்டில் பிஸ்கட்.

அம்மா அமாவாசைக்கு மொட்டை மாடியில் காக்காய்க்குச் சாதம் வைப்பாள். காக்காய் வருவதற்கு முன் துரை வந்துவிடுவார். கீழே கட்டிலுக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ. முதல் தடவை அம்மா அழுதாள். இரண்டாவது தடவை, “உங்கப்பாவுக்கும் இப்படித்தான் பசி பொறுக்காது” என்றாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் துரையை அதட்ட முடிவதில்லை.

காதுக்கு வருவோம். தொங்கு காது, சென்னைப் புழுக்கம், இரண்டும் சேர்ந்தால் உள்ளே காற்றுப் புகாமல் சீழ் பிடிக்கும். வாரம் ஒரு தடவை மருந்து விட்டுத் துடைக்க வேண்டும். காதைத் தூக்கியதுமே துரை போடும் ஓலத்தில் எதிர் ஃபிளாட் கதவு திறக்கும். 1964-ல் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் தன் பீகிளைக் காதைப் பிடித்துத் தூக்கினார், படம் பத்திரிகையில் வந்து நாடே திட்டித் தீர்த்தது. அவருக்கே அந்தக் கதி. நான் சொட்டு மருந்து விடுகிறேன்.

துரையின் குரல் குரைப்போடு நிற்பதில்லை. வேட்டையில் தூரத்தில் வருகிறவனுக்குக் கேட்கட்டும் என்று வாய்த்த நீண்ட ஊளை. குக்கர் விசிலுக்கு ஒன்று, குப்பை வண்டிப் பாட்டுக்கு ஒன்று, கோயில் நாகஸ்வரத்துக்கு மட்டும் கொஞ்சம் சுருதி சேர்த்து ஒன்று. நாய் ஊளையிட்டால் என்ன அர்த்தம் என்று நம் ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. முதல் மாடியில் படுத்த படுக்கையாக ஒரு தாத்தா இருக்கிறார். அவரைப் பார்க்க வருகிற உறவினர்கள் படியில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். தாத்தா நன்றாகத்தான் இருக்கிறார். போன மாதம் துரைக்கென்று அவர் ஒரு பிஸ்கட் கொடுத்தனுப்பினார். ஒன்றே ஒன்று.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சையும் அதில் சேர்த்தி. கையில் எதுவும் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தே தீருவேன் என்றால் பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்காருங்கள். ஆணி வாசலுக்கு வலப்பக்கம் ஆறடி உயரத்தில் இருக்கிறது. நாலடியில் இருந்ததைப் போன தீபாவளிக்கு மாற்றிவிட்டோம்.