வெள்ளைச் சீனி விரோதியார்

ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில், காலை ஏழரை மணிக்கு ஒருவர் வந்து உட்காருவார். அறுபத்தைந்து வயது இருக்கும். தோள்பையை அவர் மேசைமேல் வைக்கும்போது 'ணங்' என்று சத்தம் வரும். அது காதில் விழுந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள். மூடாதவர் கோப்பைக்குள் ஒரு கருப்பட்டித் துண்டு விழுந்துவிடும்.

பெயர் எதற்கு? ஈசூனிலும் தெம்பனிசிலும் ஜூரோங்கிலும் தேடினால் இவரைப்போல் பேட்டைக்கு ஒருவர் அகப்படுவார். வெள்ளைச் சீனி விரோதியார் என்று வைத்துக்கொள்வோம்.

'ணங்' என்றது எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. அவர் மனைவி கல்யாணத்தின்போது கொண்டுவந்தது. இப்போது கடுகு மைலோ டின்னில் குடியிருக்கிறது. சீரகம் ஒரு ஜாம் பாட்டிலில் ஒண்டுக்குடித்தனம். "ஏங்க, நாளைக்கு ரசத்துக்குக் கருப்பட்டியைத்தான் தாளிக்கணுமா?" என்று அந்த அம்மா கேட்டதாகக் கேள்வி. விரோதியார் அதையும் ஒரு யோசனையாகவே எடுத்துக்கொண்டாராம்.

பெட்டியின் முதல் அறையில் நாட்டுச் சர்க்கரை. இரண்டாவதில் கருப்பட்டி. அது வாங்குவதற்கென்றே நியூட்டனில் ரயில் மாறி அடுத்த நிலையமான லிட்டில் இந்தியாவில் இறங்குவார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறங்குவதிலிருந்து, அது கொப்பரையில் காய்ந்து, சிரட்டையில் உறைவதுவரை உங்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தேநீர் ஆறியிருக்கும். மூன்றாவதில் குலா மலாக்கா. செண்டோலில் ஊற்றுகிறார்களே, அதே தென்னம்பாளைச் சர்க்கரை. "மூங்கில் குழாய்ல ஊத்தி எடுக்கிறது தம்பி, அதான் உருளையா இருக்கு" என்பார். உருண்டையாக இருந்தால் கெடுதல், உருளையாக இருந்தால் மருந்து என்பதுபோல.

நான்காவதில் தேன் பாட்டில். தேனைச் சூடாக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஆகவே தேன் நாளில் தே வந்ததும் தொடமாட்டார். விரலை விட்டுப் பார்த்துப் பார்த்துப் பத்து நிமிடம் காத்திருப்பார். பிறகு இரண்டு கரண்டி ஊற்றி, ஆறிப்போன தேநீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அமிர்தம்" என்பார். முகம் அப்படிச் சொல்லாது. ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், 16 கலோரி. அதே கரண்டியில் தேன் 7 கிராம், 20 கலோரிக்கு மேல். இதை ஒருமுறை சொன்னேன். "பூச்சி கணக்குப் பார்த்தா தேன் சேர்க்குது?" என்று என்னை மடக்கினார்.

ஐந்தாவது அறை சீனித்துளசிக்கு. அது பராகுவே நாட்டுச் செடி. நம் துளசிக்கு அது ஒட்டும் இல்லை உறவும் இல்லை, சூரியகாந்திக் குடும்பம். அதன் சத்து சீனியைப்போல் இருநூறு முந்நூறு மடங்கு இனிக்கும். ஆனால் பெயரில் துளசி வந்துவிட்டதால் விரோதியார் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்குமுன் கண்ணில் ஒற்றிக்கொள்வார். உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னபோது, அந்தப் பட்டியலில் சீனித்துளசியும் இருந்தது. அன்றைக்கு அவர் அந்த நிறுவனத்தோடு பேச்சை நிறுத்தினார்.

நம் அரசாங்கத்தோடும் அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் வந்தது அல்லவா? நூறு மில்லியில் சீனி பத்து கிராமைத் தாண்டினால் 'டி'. 'ஏ' வாங்க வேண்டுமானால் சீனி ஒரு கிராமுக்கு மேல் போகக்கூடாது, மாற்று இனிப்பும் சேர்த்திருக்கக்கூடாது. "மூலிகைக்கே 'ஏ' இல்லையாம் தம்பி!" என்று அன்று முழுக்கக் குமுறினார்.

இனி அவர் தே சொல்லும் அழகைப் பார்க்க வேண்டும். "ஆன்ட்டி! தே சத்து! குலா தாக் மாவ்!" ஒரு தே, சீனி வேண்டாம். சீன ஆன்ட்டி தலையாட்டிவிட்டு, வெறும் 'தே'க்கு என்ன உண்டோ அதைச் செய்வார்: கோப்பையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு டின் பால். அந்தப் பாலில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் சீனிதான். அதன்மேல் சாயம். விரோதியார் வெற்றியோடு பெட்டியைத் திறந்து கருப்பட்டியும் சேர்த்துக் கலக்குவார்.

"அண்ணே, அடியில டின் பால் இருக்கே?"

"அது பால் தம்பி. மாடு குடுத்தது. இயற்கை."

சென்ற மாதம் பலதுறை மருந்தகத்தில் அவருக்கு ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் அந்த எண் ஏறியிருந்தது. இளம் டாக்டரிடம், தன் ரத்தத்தில் இருப்பது இயற்கைச் சர்க்கரை என்பதால் தனியாகக் கணக்கிட வேண்டும் என்று வாதாடியிருக்கிறார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், ரத்தத்துக்கு நிறம் தெரியாது" என்றாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, சீன மருந்துக் கடையில் லோ ஹான் குவோ என்று ஒரு பழம் கிடைக்கிறதாம், பெட்டிக்கு ஆறாவது அறை வைக்க முடியுமா என்று விசாரித்தார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை உண்டா என்றால், பாதி உண்டு. என் வீட்டு அலமாரியிலும் பனங்கற்கண்டு இருக்கிறது. இரண்டு கரண்டிக்குப் பதில் மூன்று போடும் தைரியத்தை அது எனக்குக் கொடுத்திருக்கிறது. கருப்பட்டியில் மணம் உண்டு, ருசி உண்டு, பனையேறியின் உழைப்பு உண்டு. அதற்காக வாங்கலாம். சர்க்கரை வியாதிக்குப் பரிகாரம் என்று வாங்கினால் ஏமாறுவது நாம்தான். மாற்ற வேண்டியது அளவு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு சண்டை போடாமல் பழகிவிடும்.

அதற்கு நம் காப்பிக் கடையில் ஒரு சொல் ரொம்ப காலமாகவே காத்திருக்கிறது: கோசோங். 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. விரோதியாருக்கு இந்தச் சொல் தெரியாமல் இல்லை. தினமும் காலையில் வாய் நிறையச் சொல்லி ஒரு புரோட்டா கோசோங் வாங்குகிறார். வாங்கி, அதன்மேல் நாட்டுச் சர்க்கரை தூவிக்கொள்கிறார்.