எரிமலை மாமா

காசிக்குப் போய்வந்தவர் ஒரு சொம்பு கங்கையைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார். எரிமலைக்குப் போய்வந்தவரிடம் அந்தக் கருணையை எதிர்பார்க்க முடியாது. காபி சாப்பிட வாங்கோ என்பார். போனால் ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியைப் பெரிய டிவியில் இணைத்து வைத்திருப்பார். காபி இடைவேளைக்குப் பிறகுதான்.

ஜாவாத் தீவில் மாமா இருந்தது ஒரே வாரம். அவர் பேச்சில் அந்த வாரம் இன்னும் முடியவில்லை. 2,329 மீட்டர் உயரமுள்ள புரோமோ எரிமலையைக் காட்டி, "இதுல ஏறினேன்" என்பார்.

"ஜீப்புல போனோம். அப்புறம் குதிரை. கடைசியில படிக்கட்டு, ஒரு இருநூத்தம்பது இருக்கும்." இது சமையலறையிலிருந்து மாமி.

மாமா அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார். புரோமோவின் வாயோரம் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படம் வந்தால் மட்டும் கூட்டம் நிமிர்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்த மலையைச் சுற்றியுள்ள தெங்கர் மக்கள் இந்துக்கள். கசாடா திருவிழாவில் காய்கறி, கோழி, பணம் என்று எரிமலை வாய்க்குள் காணிக்கை வீசுவார்கள். உள்சரிவில் இறங்கி நிற்கும் சிலர் வலையை நீட்டி அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு மாலைப்பொழுது முழுக்கக் கேட்கலாம். மாமா அரை நிமிடத்தில் முடித்துவிடுவார், அந்தக் கதையில் அவர் இல்லை.

அவர் இருப்பது ஈஜென் எரிமலைப் படங்களில். கந்தக வாயு எரியும் நீலத் தீயைப் பார்க்க நடுராத்திரி கிளம்ப வேண்டும், விடிந்தால் நீலம் தெரியாது. படம் முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு நீலப் பொட்டு. அதே பொட்டு முப்பது படங்களில், முப்பதுக்கும் விளக்கம் உண்டு. அடுத்து முகமூடிப் படங்கள். புகைக்குப் பயந்து எல்லோரும் மூஞ்சியை மூடியிருப்பார்கள்.

"இதுதான் நான்." உற்றுப் பார்த்துவிட்டு, "இல்ல, இது கைடு."

"ரெண்டும் இல்ல, அது நான்" என்பார் மாமி.

எழுபது, எண்பது கிலோ கந்தகக் கட்டிகளைத் தோளில் சுமந்து பள்ளத்திலிருந்து ஏறிவரும் தொழிலாளர்கள் படம் வந்ததும் மாமாவுக்குக் குரல் தழுதழுக்கும். "பாவம் சார், மனுஷன் சுமக்கற பாரமா இது?"

காபியை வைத்துக்கொண்டே மாமி சொல்வார்: "இவரையும் வண்டியில வெச்சு இழுத்துண்டு போனா. அங்க அதுக்கு டாக்ஸின்னு பேரு."

முதல் காட்சியில் புரோமோ வெறுமனே புகைந்தது. பொங்கலுக்குள் உறுமத் தொடங்கியது. சித்திரையில் ஒரு கல் மாமாவின் காதோரமாகப் பறந்தது. ஆடிக்குள் குழம்பு வழிந்துவிடும் என்று மாடிவீட்டுக்காரர் பந்தயம் கட்டியிருந்தார்.

அதற்குள் ஒரு கல்யாணத்தில் ஐஸ்லாந்து போய்வந்தவர் மாட்டினார். மாமாவைவிட இளையவர், ட்ரோன் வைத்திருப்பவர். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் சும்மா கிடந்த ரெய்க்யானெஸ் தீபகற்பம் 2021-இல் வெடித்ததே, அங்கே போய் எடுத்த வீடியோ. நிஜக் குழம்பு, சிவக்கச் சிவக்க ஓடுகிறது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

"கந்தக நாத்தம் இருந்துதோ?"

"அவ்வளவா இல்ல சார், காத்து அந்தப் பக்கம் அடிச்சுது."

"அதானே பார்த்தேன்" என்று எழுந்தார் மாமா. "ரோடு போடற மாதிரின்னா இருக்கு!"