பார்த்துத்தான் சொல்ல முடியும்

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மனிதர் மண்டியிட்டிருப்பதைக் காணலாம். பக்தி காரணமல்ல. டெக் என்று அங்கே சொல்லப்படும் மரத்தளத்தின் மேல் நாலு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, அது பலகைக்குள் இறங்குகிறதா, முத்து முத்தாக மேலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். டெக்கையும் வேலியையும் கழுவி ஸ்டெயின் பூசுவதற்குக் கூலி சொல்ல வந்தவர். இடுப்பில் அளவுநாடா, காதோரம் பென்சில், முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை. வீட்டுக்காரர் பின்னால் நின்று “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால் “ம்ம்” என்பார். தொலைபேசியில் கேட்டபோதும் “பார்த்துத்தான் சொல்ல முடியும்” என்றுதான் சொல்லியிருப்பார். இந்த ஒரு வாக்கியத்தால் அவருக்குக் கெட்ட பெயர். ஆளைப் பார்த்து விலை வைக்கிறவர், வாயைத் திறக்காமல் பையைத் திறக்கிறவர் என்று. என் கட்சி நேர்மாறானது. அந்தத் தொழிலில் புழங்கும் வாக்கியங்களில் நாணயமானது இது ஒன்றுதான். பயப்பட வேண்டியது, “சதுர அடிக்கு இவ்வளவு” என்று போனிலேயே மூச்சுவிடாமல் சொல்லிவிடும் அவருடைய போட்டியாளருக்குத்தான்.

வீட்டுக்காரரின் கணக்கு எளிமையானது. டெக் 12 அடிக்கு 16 அடி; ஆக 192 சதுர அடி; பெருக்கினால் விலை. இந்தக் கணக்கில் தரை மட்டும் இருக்கிறது, கைப்பிடி இல்லை. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதிப்படி, நிலத்திலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த தளத்துக்குக் குறைந்தது 36 அங்குல உயரத்தில் தடுப்பு வேண்டும். அதன் இடைவெளியில் 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது. குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளாமலிருக்க இந்த ஏற்பாடு. வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கத்தை விட்டாலும் மற்ற மூன்று பக்கமும் சேர்ந்து 40 அடி. ஒன்றரை அங்குலக் கம்புகளை அந்த விதிக்குள் நிறுத்தினால் 87 கம்புகளாவது தேவைப்படும். கம்புக்கு நான்கு முகம், மொத்தம் 348. ராவணனுக்கே பத்துதான். இத்தனைக்கும் இவற்றின் பரப்பு 130 சதுர அடியைத் தாண்டாது. சதுர அடிக் கணக்குப்படி தரையைவிட மலிவான வேலை! ஆனால் தரையை நீண்ட கழியில் பிரஷ்ஷை மாட்டி நின்றபடியே பூசிக்கொண்டு போகலாம். கம்புகளுக்குக் கைப்பிரஷ்ஷோடு குனிய வேண்டும். ஒரு முகத்தைப் பூசினால் அடுத்த முகத்தில் வழியும், வழிந்தது தரையில் சொட்டும். இந்த மனிதர் கைப்பிடியைப் பார்த்ததும் விடும் பெருமூச்சுக்குக் கட்டணம் உண்டு; அது நியாயமான கட்டணம்.

இதைவிடப் பெரிய செலவு மரத்தில் இல்லை, மரத்தின் பூர்வ கதையில் இருக்கிறது. ஸ்டெயினில் மரத்தின் ரேகை முழுதும் தெரிகிற ரகத்திலிருந்து பெயிண்ட் போல மூடிவிடுகிற ரகம் வரை பல படிகள் உண்டு. மெல்லிய ரகம் வெயிலில் மங்கித் தேய்ந்து போகும். மூடுகிற ரகம் செதில் செதிலாக உரியும். மெல்லியதன் மேல் அடர்த்தியானதைப் பூசலாம். திரும்பி வருவதென்றால் காரம் கலந்த மருந்து போட்டு முழுவதும் உரித்தெடுக்க வேண்டும். உரித்த மரம் கறுத்துப் போகும். அதை வெளுக்க ஆக்ஸாலிக் அமிலம். ஆகவே “முன்னால் என்ன பூசினீர்கள்?” என்ற கேள்விதான் எஸ்டிமேட்டின் உயிர்நாடி. பதில் எப்போதும் “நல்ல கம்பெனிதான்.” கராஜில் மிச்ச டின் இருக்கும், லேபிள் இருக்காது. போதாக்குறைக்கு, வீட்டுக்காரர் வாடகைக்கு ஒரு பிரஷர் வாஷர் எடுத்து வந்து தாமே கழுவிப் பார்த்திருப்பார். சிடார், பைன் போன்ற மென்மரங்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 500, 600 பவுண்டு அழுத்தமே போதும். அந்த இயந்திரம் 3000 வரை தரும். குழலைக் கிட்டத்தில் பிடித்தால் அழுக்கோடு மரமும் போகும். மிஞ்சிய நார் ரோமம் போல எழுந்து நிற்கும். வந்தவர் அந்தக் கோடுகளைப் பார்த்தே எந்த இடத்தில் பொறுமை போயிற்று என்று சொல்லிவிடுவார். பிறகு “இந்த டெக் எந்த வருஷம் கட்டியது?” என்று கேட்பார். சொத்து மதிப்பைத் துருவுகிறார் என்று வீட்டுக்காரர் விறைப்பார். விஷயம் வேறு. செல்லரிக்காமலிருக்க ஆர்சனிக் சேர்ந்த மருந்தேற்றிய மரம் வீட்டு உபயோகத்திலிருந்து 2003 இறுதியில்தான் விலக்கப்பட்டது. அதற்கு முந்திய தளமென்றால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எழும் தூசியில் நஞ்சு இருக்கலாம்.

“இதெல்லாம் சரி, அவர் கண் மரத்தைவிடக் காரின் மேல் அல்லவா அதிகம் போகிறது?” என்று கேட்பார்கள். போகிறது, மறுப்பதற்கில்லை. காரைப் பார்த்து விலையை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஏற்றுகிறவருக்கு மண்டியிட வேண்டிய அவசியமே இல்லை, வாசலோடு திரும்பிவிடலாம். நம் ஆள் ரோஜாச் செடிகளையும் பார்க்கிறார், ஏனென்றால் அந்தக் கார மருந்து இலையைப் பொசுக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் செடிகளுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். பார்பெக்யூ அடுப்பைப் பார்க்கிறார், ஏனென்றால் அதைத் தூக்கி நகர்த்தப் போவது அவர். விலையுயர்ந்த காரோ, ஸ்டெயின் தெறிக்கும் தூரத்தில் நிற்கும்வரை அதுவும் தொழில்நுட்ப விவரம்தான். அவரிடம் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நாளை எழுதி அனுப்புகிறேன் என்றால் அது அடுத்த வாரம். பிடிக்காத வேலையை “வேண்டாம்” என்று சொல்லத் தெரியாமல், ஒன்றரை மடங்கு விலையால் சொல்வார். அதையும் யாராவது ஒப்புக்கொண்டுவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. சதுர அடிக்கு ஒரே விலை என்று இருந்தால் மூன்று பேரிடம் கேட்டு ஒப்பிடலாமே? ஒப்பிடலாம், மூவரும் ஒரே வேலையைச் சொன்னால். போன்காரர் காலையில் கழுவி மாலையில் பூசிவிடுவார். ஈரப்பதம் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை மரம் காய வேண்டும். அதற்கு நல்ல வெயில் இரண்டு நாளாவது அடிக்க வேண்டும். நடுவில் மழை வந்தால் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். நம் ஆளின் விலையில் இந்தக் காத்திருப்பு பில்லில் வரியே இல்லாமல் ஒளிந்திருக்கிறது. போன்காரரின் விலை குறைவதற்குக் காரணம் அவர் காத்திருப்பதே இல்லை. அடுத்த வசந்தத்தில் ஸ்டெயின் உரியும்போது அவருடைய போன் நம்பரும் மாறியிருக்கும். கலிஃபோர்னியாவில் வீட்டு வேலைகளுக்கு முன்பணம் பொதுவாக ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். பாதிப் பணத்தை முதலில் கொடு என்பவர்கள் நிறையப் பேர் இருந்திராவிட்டால் ஒரு சட்டசபை இதற்கு நேரம் ஒதுக்கியிருக்காது.

வேலிக்கு வந்தால் கணக்கு இன்னும் முறுக்கிக்கொள்ளும். 6 அடி உயரத்தில் 100 அடி நீளம், 600 சதுர அடி; இரண்டு பக்கமும் என்றால் 1200. ஒரு பலகை இந்தப் பக்கம், அடுத்த பலகை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடித்த வேலியானால், விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பகுதிகளும் சேர்ந்து அதற்கு மேலும் போகும். டின்னில் போட்டிருக்கும் அளவு வழவழப்பான புது மரத்துக்கானது. வெயிலில் நரைத்த பலகை அதைவிட எவ்வளவோ அதிகம் குடிக்கும். மலிவாக முடிக்க நினைக்கும் வீட்டுக்காரர் “என் பக்கம் மட்டும் போதும்” என்பார். அப்போது விலை பாதியாகும் என்று அவர் நம்புவது இயல்பு. ஆகாது. ஸ்ப்ரே அடித்தால் பலகை இடுக்கு வழியே மறுபக்கம் போகும், பிரஷ்ஷால் பூசினாலும் வழியும். அண்டை வீட்டுக்காரரின் சம்மதம் வாங்க வேண்டும், அவர் காரை நகர்த்தச் சொல்ல வேண்டும், அவர் தோட்டத்தில் துணி விரிக்க வேண்டும். ஆகவே எழுதி வரும் எஸ்டிமேட்டின் கடைசி வரியில், மறுபக்கத்தைப் பூசாமல் இருப்பதற்கு ஒரு தொகை தனியாகப் போட்டிருக்கும்.