வாசல் இலாகா

கள்ளக்குறிச்சியில் துருகம் சாலையிலிருந்தோ கச்சிராயபாளையம் சாலையிலிருந்தோ பிரிகிற ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழையுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். பிளாஸ்டிக் நாற்காலி, மடித்துக் கட்டிய கைலி, மடியில் காலையிலேயே படித்து முடித்த பேப்பர். காற்றாட உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பணியில் இருக்கிறார்.

வருகிறவர் முகத்தை அவர் பார்ப்பதில்லை. பார்வை நேரே காலுக்குப் போகும். “வா மாப்ள, ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று வாய் விசாரிக்கும்போதே கண் வேறு விசாரணை நடத்திக்கொண்டிருக்கும்: இவன் எங்கே கழற்றப் போகிறான்? படியிலா, படிக்குக் கீழேயா, ஸ்டாண்டிலா? மாப்பிள்ளை ஒரு காலை உதறி, இன்னொரு காலை அதன் மேலேயே உதறிவிட்டு உள்ளே போனதும் மெல்ல எழுந்து, கால் கட்டைவிரலால் அந்த ஜோடியைத் தள்ளித் தள்ளி வரிசைக்குக் கொண்டுவருவார். குனியமாட்டார். கையால் தொடமாட்டார். வருஷக்கணக்கான பழக்கத்தில் அந்தக் கட்டைவிரலுக்கு ஒரு சாமர்த்தியம் வந்திருக்கும்.

பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். கிராம நிர்வாக அலுவலர், சர்க்கரை ஆலை எழுத்தர், பஸ் டெப்போ டைம் கீப்பர், இப்படி ஏதோ ஒன்றாக இருந்திருப்பார். சந்தன மாலையும் குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே இலாகாக்கள் எல்லாம் தன்னைக் கேட்காமல் பங்கு போடப்பட்டுவிட்டது அவருக்குத் தெரிந்துபோகும். சமையலறை மனைவியிடம். வரவு செலவு மகனுடைய போனுக்குள். டிவி ரிமோட் பேத்தி கையில். யாரும் உரிமை கொண்டாடாமல் கிடந்தது வாசலும் அங்கே குவிந்த செருப்புகளும்தான். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே, ஏறக்குறைய அதே நடைமுறைதான். வாசலைத் தனியாகப் பிரித்து, தானே கலெக்டராகப் பொறுப்பேற்றுக்கொண்டார்.

பொறுப்பேற்றதும் கணக்கெடுப்பு. மகனுக்கு ஆபீஸ் ஷூ ஒன்று, நடைப்பயிற்சிக்கென்று வாங்கி நடக்காத ஷூ ஒன்று. மருமகளுக்கு எத்தனை என்று கேட்கிற தைரியம் அவருக்கு இல்லாததால் அந்த வரி காலியாகவே இருக்கும். பேத்திக்குப் பள்ளிக்குப் போகக் கறுப்பு ஷூ, புதன்கிழமைக்கு வெள்ளை ஷூ. செவ்வாய்க்கிழமை ராத்திரி அந்த வெள்ளை ஷூவைத் தேடுவது ஒவ்வொரு வாரமும் நடக்கிற திருவிழா. பாத்ரூமுக்கு ஒரு ஹவாய், மாடிக்கு ஒரு ஹவாய். இரண்டும் நீலம். இரண்டும் இடம் மாறி இடம் மாறி, எது எதுவென்று அவற்றுக்கே மறந்திருக்கும்.

இந்தக் கணக்கில் அவர் அதிகாரம் செல்லாத ஒரே ஜோடி அவருடைய அம்மாவான ஆயாவுடையது. ஆயாவுக்குச் சர்க்கரை. டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார், வெறுங்காலில் வீட்டுக்குள் கூட நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியும் இருக்கிறார். 1950களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களில் புண் வராமல் காப்பாற்ற பால் பிராண்ட் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் பாடுபட்டுக் கொண்டுவந்தது இந்த மெத்தென்ற ரப்பர் செருப்பு. இப்போது சர்க்கரைக்காரர்கள் காலையெல்லாம் அதுதான் தாங்குகிறது. ஆயா அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பாள், சமையற்கட்டுக்குள் போவாள், சாமி அறை வாசல் வரைக்கும் போய் நின்றுகொண்டு மகனைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார்.

அடுத்த கட்டம் ஸ்டாண்டு. முதலில் குழாயும் பிளாஸ்டிக்கும் சேர்த்து நாமே மாட்டிக்கொள்கிற நாலு தட்டு ஸ்டாண்டு வரும். மாட்டி முடித்ததும் ஒரு குழாய் மிச்சம் இருக்கும். அது எங்கே போகவேண்டியது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் மாதம் ஸ்டாண்டு ஒரு பக்கமாகச் சாயும்போது தெரியும். அதற்குப் பிறகு இரும்புச் சட்டத்தில் வெல்டிங் வைத்துச் செய்த ஸ்டாண்டு. மழைக்குத் துருப்பிடித்து, வெள்ளை ஷூவை எல்லாம் காவி ஷூவாக்கிவிட்டது. கடைசியில் கதவு வைத்த மர அலமாரிதான் சரி என்று முடிவு கட்டினார்.

மரம் என்றதும் அவருக்குச் சொந்த மண்ணின் பெருமை வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘ஊரிலேயே இத்தனை கைகாரர்கள் இருக்கும்போது கடையில் ஏன் வாங்கவேண்டும்?’ ஒரு சிற்பியின் பட்டறைக்கே போய்விட்டார். பிள்ளையாரும் பெருமாளும் அரைகுறையாக எழுந்து நின்றுகொண்டிருக்கிற இடம். சிற்பி உளியைக் கீழே வைத்து, மரியாதையாக ஸ்டூல் போட்டு, “எந்த சாமிங்கய்யா வைக்கப் போறீங்க?” என்று கேட்டார். இவர் சுற்றும் முற்றும் பார்த்தார். அத்தனை தெய்வங்களும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. “செருப்பு” என்கிற சொல் வாயிலிருந்து வர மறுத்துவிட்டது. டீ வந்தது. மரம் விற்கிற விலையைப் பற்றி இருவரும் ரொம்ப நேரம் பேசினார்கள். வீடு திரும்பும்போது அவர் கையில் ஒரு சிறிய பிள்ளையார் இருந்தார். அலமாரிக்கு முன்பணமாகக் கொண்டுபோன காசில் வாங்கியது.

கடைசியில் பிளைவுட் அலமாரிதான் வந்தது. அதற்கு இடம் தேடியது தனிக் கதை. ஈசானிய மூலையில் செருப்பு கூடாது என்றார் வாஸ்துக்காரர். வாசலோ ஈசானியத்தில்தான் இருக்கிறது. வாஸ்து அனுமதித்த மூலையில் இன்வெர்ட்டர் இருந்தது. செருப்புக்காக இன்வெர்ட்டர் படுக்கையறைக்குள் குடிபோனது.

ஐப்பசி மழையில் அலமாரி தன் குணத்தைக் காட்டியது. ஈர ஷூவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் ஈரம் போக வழியில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் மகனுடைய ஆபீஸ் ஷூவில் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை. வாசனை கூடத்தைத் தாண்டிச் சமையற்கட்டு வரை போய்விட்டது. கதவில் காற்றுப் போக ஓட்டை வேண்டும், ஷூவை முதலில் நிழலில் உலர்த்த வேண்டும், உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் பேப்பரைக் கசக்க மனசு வராது. சேர்த்து வைத்துக் கடையில் எடைக்குப் போடுவதும் அவர் இலாகாதான்.

அவருடைய சட்டங்களில் எனக்கும் உடன்பாடான ஒன்று உண்டு: தட்டிப் போடு. கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் இது வெறும் கண்டிப்பு இல்லை. தேளுக்கும் பூரானுக்கும் ஷூவை விட நல்ல பொந்து கிடையாது. இருட்டு, கதகதப்பு, வாடகை இல்லை. மலைமேல் வெள்ளிமலைப் பக்கமோ சமவெளிக் கிராமங்களிலோ கூரை வீடு இருந்த காலத்தில் செருப்பைக் கழற்றினால் எரவாணத்தில் செருகிவிடுவார்கள். நாயும் தூக்காது, கறையானும் ஏறாது, குனிந்து தேடவும் வேண்டாம். ஸ்டாண்டு என்று பணம் கொடுத்து இன்றைக்கு நாம் வாங்குகிற எதுவும் அந்த எரவாணத்தின் பக்கத்தில் வராது என்பது என் அபிப்பிராயம். என்ன, கான்கிரீட் வீட்டுக்கு எரவாணம் இல்லை.

எத்தனை வருஷமாகவோ “தட்டிப் போடு, தட்டிப் போடு” என்று கத்திக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் பலன் கிடைத்தது. பேத்தி வெள்ளை ஷூவைத் தட்ட, உள்ளேயிருந்து நிஜமாகவே ஒரு குட்டித் தேள் விழுந்தது. வீடே அலறியது. அவர் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மகனுக்கு வேலை கிடைத்த அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு நிறைவு இல்லை என்று மனைவி சொல்கிறாள்.

மேற்கோள் காட்டுவதிலும் குறைவைக்கமாட்டார். “பரதன் பதினாலு வருஷம் நந்திகிராமத்துல அண்ணன் பாதுகையை எப்பிடி வச்சிருந்தான் தெரியுமா? சிம்மாசனத்துல! வேதாந்த தேசிகர் அந்தப் பாதுகை மேல ஆயிரத்தெட்டு சுலோகம் பாடியிருக்காரு!” மனைவி முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே பதில் சொல்வாள்: “பரதன் வூட்ல இருந்தது ஒரே ஒரு ஜோடி. அதையும் யாரும் கால்ல மாட்டல. அதான் ஒழுங்கா இருந்துச்சி.”

அம்மாள் சொன்னதில் ஸ்டாண்டுகளின் மொத்த ரகசியமும் இருக்கிறது. எந்த வீட்டு ஸ்டாண்டை வேண்டுமானாலும் பாருங்கள். தட்டுகளில் வரிசையாக இருப்பவை எல்லாம் யாரும் போடாதவை. வார் அறுந்தது, பேத்தி கால் வளர்ந்து விட்டுப்போனது, கல்யாணத்துக்கு வாங்கிக் கடித்த செருப்பு, நாய் தூக்கிப் போனதால் தனிமரமான ஒற்றை. நாய்க்கு ஜோடி தேவையில்லை, நமக்கு மட்டும் அந்த மிச்ச ஒற்றையைத் தூக்கிப் போட மனசு வருவதில்லை. தினமும் போடுகிற செருப்புகளோ ஸ்டாண்டுக்குக் கீழே, தரையில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தரைதான் நிஜமான ஸ்டாண்டு. மேலே இருப்பது அருங்காட்சியகம்.

அந்த அருங்காட்சியகத்தின் மேல்தட்டில் அவருடைய தோல் செருப்பு இருக்கும். விசேஷங்களுக்கு மட்டும். யாராவது அதைப் பார்த்துவிட்டால் போதும்: “நம்ம கல்வராயன் மலைக் கடுக்காய் இருக்கே, அதை வச்சித்தான் அந்தக் காலத்துல தோல் பதம் பண்ணாங்க. ஆவாரம்பட்டையில ஊறப்போட்டு, கடுக்காய்ல முடிப்பாங்க. கடுக்காய் மலையில பொறுக்குனது, செருப்பு ஆம்பூர்ல தச்சது. இப்ப மாதிரி குரோமியம் கிடையாது.” சொல்வது சரிதான். கடுக்காய் இந்த மலையின் பழைய சரக்கு, தோல் பதனிடக் காலம் காலமாகப் போனதும் உண்மை. பேத்திதான் செருப்பைத் திருப்பி, அடியில் பொறித்திருந்த எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, “தாத்தா, இது ரெக்ஸின்” என்றாள்.

2023ல் தைவானின் பௌ சென் குழுமம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை தொடங்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. உலகத்துப் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் ஷூ தைத்துக் கொடுக்கிற குழுமம் அது. தொழிற்சாலைக்கு இடம் பார்த்த உளுந்தூர்பேட்டைக்கு யோகம் வந்துவிட்டது என்று தெருவே பேசியது. மகன் தன் நண்பனுக்கு வேலை கிடைக்குமா என்று யோசித்தான். பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தின் விலை ஏறுமா என்று விசாரித்தார். இவர் பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டு வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு கவலையோடு கேட்டார்: “அத்தனையும் தச்சி எங்கப்பா வைப்பாங்க?”

அவருடைய ஆண்டில் பெரிய நாள் வீட்டு விசேஷம். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக் காதுகுத்து அப்படித்தான் நடந்தது. வாசலில் செருப்பு ஆறாக ஓடியது. அனுபவசாலிகள் புதுச் செருப்பை இடது காலை வேப்பமரத்தடியிலும் வலது காலை பைக் பக்கத்திலும் தனித்தனியாக விட்டிருந்தார்கள். கோயிலில் படித்த பாடம். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் இவர் செயலில் இறங்கினார். பிரிந்த ஜோடிகளைச் சேர்த்துவைத்து, ஆண், பெண், குழந்தை என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி முடித்தார். அந்தத் தெரு அதுவரை பார்த்திராத ஒழுங்கு. வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்த ஒருவருக்கும் தன் செருப்பு அகப்படவில்லை. அரைமணி நேரம் வாசலில் சந்தைக் கூட்டம். பெரியப்பா ஒருவர் வெறுங்காலோடு பஸ் ஏறினார்.

எல்லாரும் போன பிறகு ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. பழுப்பு நிறம், பெருவிரலுக்கு வளையம், எட்டாம் நம்பர். மேல்தட்டிலிருந்து இவர் எடுத்துப் போட்டிருந்த ரெக்ஸின் செருப்பைக் காணோம். அதுவும் பழுப்பு, அதுவும் வளையம். அடுத்த வாரம் முழுக்கச் சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர் என்று உறவுக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, “உடம்பு எப்பிடி இருக்கு?” என்று ஆரம்பித்து, “கால் எத்தினி நம்பர் போடுறீங்க?” என்று முடித்தார். சிலர் யாரோ புதுச் செருப்பு வாங்கித் தரப் போகிறார் என்று நம்பினார்கள்.

தை மாதம் சம்பந்தி வந்தார். வாசலில் அவர் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்ததும் இவருக்கு மூச்சு நின்றது. பழுப்பு. வளையம். ஆனால் பெண் கொடுத்த இடம். “என் செருப்பைப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க” என்று எந்த வாயால் கேட்பது? சம்பந்தி காபி குடித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் வேலையை முடித்துவிட்டது. பழைய மிச்சம் சம்பந்திக்கு, மீட்ட ஜோடி மேல்தட்டுக்கு. சம்பந்தியும் ஒன்றும் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை போன் வந்தது. “தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. நேத்து உங்க வூட்ல என் செருப்பு மாறிப்போச்சிங்க. என்னுது ஒன்பது நம்பரு, பொங்கலுக்குத்தான் வாங்கினது. இது யாருதோ, கடிக்குது.”

இவர் மேல்தட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எங்க வூட்ல மாற வழியே இல்லீங்க சம்பந்தி. இங்க எல்லாம் வரிசையா இருக்கும். வழியில டீக்கடை எங்கனா நின்னீங்களா?”