புரொஃபைல் ஜோசியர்

மரக்காணத்தில் உப்பு வியாபாரி ஆபீஸ், எடைமேடை, லாரி புக்கிங் எங்கே போனாலும் ஒரு ‘சிஸ்டம் தம்பி’ வந்துபோவார். ஐம்பது வயதானாலும் தம்பிதான். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், பெயிண்ட் பிரஷ், ஒரு அழிரப்பர். உப்புக் காற்றில் மதர்போர்டு பச்சை பூத்துவிடும். ரேமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். இவரும்தான்.

இப்போது அவரே தின் கிளையன்ட் பிரச்சாரகர். “ஃபேன் இல்ல, ஹார்ட் டிஸ்க் இல்ல. காத்தை உள்ள இழுத்தாத்தானே மொதலாளி உப்பு ஏறும்?” மேசையில் கையகலப் பெட்டி; வேலை முழுக்க ஏசி அறையில் பூட்டிய இரண்டு சர்வர்களில். தன் பிழைப்பில் தானே மண் போட்டுக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். ரோமிங் புரொஃபைல் இருக்கிறதே!

எந்த மேசையில் உட்கார்ந்தாலும், எந்த சர்வரில் போய்ச் சேர்ந்தாலும், அவரவர் டெஸ்க்டாப், அவரவர் குலசாமி வால்பேப்பர் கூடவே வரும். லாகின் செய்தால் சாமானெல்லாம் வந்து இறங்கும். லாக் ஆஃப் செய்தால் திரும்பப் போகும். இதை அமைக்க அவர் பிடிக்கும் முகூர்த்தம், பாத்திகள் மழையில் மூழ்கும் அக்டோபர், நவம்பர். உப்பு வாருகிறவர்களுக்கு வேலை நிற்கும்போதுதான் இவருக்கு சீசன்.

“பேக்ஸ்லாஷ், பேக்ஸ்லாஷ்… பர்சன்டேஜ் யூசர்நேம் பர்சன்டேஜ்” என்று முணுமுணுத்தபடி புரொஃபைல் ஃபோல்டரின் பாதையை அடிப்பார். அதை ‘புரொஃபைல்’ டேபில் போடக் கூடாதாம். ‘ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் புரொஃபைல்’ என்று தனி டேப் உண்டு. “திண்டிவனத்துலேர்ந்து வர்ற பசங்க இங்கதான் சார் வுழுவானுங்க” என்னும்போது முகம் மலர்ந்துவிடும்.

பிறகுதான் ஜோசியம். ஃபோல்டர் எடையைப் பார்த்தே ஆளைச் சொல்வார். நாற்பது எம்பி: யோக்கியர். நாலு ஜிபி: மச்சினி கல்யாண வீடியோ டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. அந்த ஆள் லாகின் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய், அரசியல் பேசி முடித்து வரலாம். ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் போட்டு டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் சர்வரிலேயே நிறுத்தினால் தொல்லை தீரும். அது தம்பிக்கு நன்றாகத் தெரியும். அதற்குத் தனி பில்.

ஒருநாள் கணக்கர் அலறினார்: “தம்பி, எல்லாம் போச்சு! என்னவோ டெம்பரரின்னு வருது!”

“பதறாதீங்கய்யா. இன்னிக்கு நீங்க வாடகை வூட்ல இருக்கீங்க. வெளிய வந்தா எல்லாத்தையும் துடைச்சிடும், ஒண்ணும் சேத்து வெக்காதீங்க.”

“சொந்த வீடு எப்போ வரும்?”

“வெள்ளிக்கிழமை வரேன்.”

வேலை முடிந்ததும் முதலாளி கேட்டார்: “இன்னாப்பா, பாண்டி பிராஞ்ச்ல போய் உக்காந்தாலும் இதே கணக்கு, இதே பாக்கி லிஸ்ட் வந்து நிக்குமா?”

“அப்படியே வரும் மொதலாளி!”

“அப்ப எனக்கு மட்டும் கட் பண்ணிடு. நான் பாண்டிக்குப் போறதே இதை மறக்கத்தாம்பா.”