குனிவுக்கு என்ன விலை?

கல்முனைக் கரையோரத்தில், கடைசி வரிசையில் கதிரை போடாத பள்ளிவாசல் இன்று அரிது. தொழுகையின் குனிவான ருகூவில் முதுகு மடியாதவர்களுக்கான இடம் அது. கரைவலை இழுத்தவர், நெல் மூட்டை சுமந்தவர், துவக்கோடு இரவெல்லாம் ஊரைக் காத்த பழைய ஹோம்காட், எல்லோருக்கும் ஒரே கதிரைதான். மருத்துவச் சான்றிதழ் எவரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் கேட்பார்கள். ஊனக் கொடுப்பனவு கேட்கும் முன்னாள் படையினரைக் குனியச் சொல்லி, கோணமானி வைத்து இடுப்பை அளப்பார்கள். 90 பாகை குனிந்தால் சுகதேகி. 60ஐத் தாண்டி 85க்குள் நின்றுவிட்டால் 10 வீத ஊனம். 30ஐத் தாண்டி 60க்குள் என்றால் 20. 30க்கு மேல் அசையாவிட்டால் 40. ஒழுங்காக ருகூ செய்பவர் அங்கே போய்க் காசு பார்ப்பது கஷ்டம்.

இலங்கையில் கோணமானி எதற்கு? கலண்டர் போதுமாயிருந்தது. 12 வருடச் சேவை நிறையுமுன் ஊனமுற்று விலகிய படையினர், ஓய்வூதியம் கேட்டு 2018இல் கொழும்பு கோட்டையில் போராடினார்கள். குண்டு படுமுன் திகதியைப் பார்த்திருக்க வேண்டாமா!

1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த, ஹோம்காட் எனும் ஊர்காவல் படைக்கோ, சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்ற பெயர் 2006இல்தான் வந்தது. அதற்கு முன்பே இடுப்புப் பிடித்து வீட்டுக்குப் போனவரின் கதிரை, பள்ளி நிர்வாகத்தின் செலவில்.